படிவத்தில் அடங்காத பெயர்கள்

புத்தகம் வாங்க வந்தவரிடம், "உமது குடும்பப் பெயர் என்ன? அதைச் சொன்னாலன்றிப் புத்தகம் தரமாட்டேன்" என்று கூறும் கடைக்காரரை நம்மில் எவரும் கண்டிருக்கமாட்டோம். கண்டி நகரின் கொழும்பு வீதியிலோ திருகோணமலை வீதியிலோ அப்படி ஒருவர் கடை விரித்தால், ஒரே வாரத்தில் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆனால் இன்று கணினித் திரையிலே விரிக்கப்படும் கடைகளிற் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வேறு. அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் வாங்குபவர் அடுத்த படிக்குப் போக இயலாது.

நாங்கள் ஆசிரியர்கள் சிலர் கூடி, 2021 ஆம் ஆண்டில், பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், இணையத்திலே ஒரு சிறு புத்தகக் கடையைத் தொடங்கினோம். மலையக எழுத்தாளரின் நூல்கள், பரீட்சைக்குத் துணையாகும் நூல்கள், பழைய சஞ்சிகைகள் ஆகியனவே சரக்கு. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வந்து ஒரு புத்தகம் வாங்கித் திரும்புவதென்றால் ஒரு நாட் சம்பளம் போய்விடும். பஸ் செலவு தனி. தபாலிலே அனுப்பினால் அந்த நாள் மிஞ்சுமே என்பதே எங்கள் எண்ணம். கொழும்பிலே கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் தோட்டத்து இளைஞர்கள், ஊரிலுள்ள தம்பி தங்கையருக்குப் புத்தகம் அனுப்ப விரும்பினார்கள். அவர்களே எங்கள் முதல் வாடிக்கையாளர்கள்.

முதலில் மாதக் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனத்தின் ஆயத்தக் கடையை வாடகைக்கு எடுத்திருந்தோம். சுவர், கதவு, தட்டு, கல்லாப்பெட்டி எல்லாம் அவர்களுடையவை. புத்தகம் மட்டும் எங்களுடையது. இரண்டு மாதங்களில் ஓர் உண்மை புலப்பட்டது. கூடையிலே புத்தகத்தை இட்டவர்களிற் பலர் பணம் செலுத்தும் படிவத்தை எட்டியதும் நின்றுவிட்டார்கள். தொலைபேசியில் ஒவ்வொருவராக விசாரித்தோம். ஒருவர் சொன்னார்: "சேர், எனக்குப் பேரு ஒண்ணுதான். ரெண்டாவது பேரு கேக்குது. அப்பா பேர போட்டா அப்பாவுக்குப் பார்சல் போயிருமோன்னு விட்டுட்டேன்." இன்னொருவருக்கு வீட்டு இலக்கமும் வீதியின் பெயரும் இல்லை. லயத்திலே ஏது வீதி? மூன்றாமவருக்கு மின்னஞ்சல் இல்லை. இந்தக் கட்டங்களை மாற்றித் தரும்படி அந்த நிறுவனத்துக்கு எழுதினோம். எல்லா நாடுகளுக்கும் ஒரே படிவந்தான், மாற்ற இயலாது என்று பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில்.

முதற்பெயர், குடும்பப்பெயர், வீட்டு இலக்கம், வீதி, நகரம், அஞ்சற் குறியீடு என்ற வரிசையை யாரோ ஓரிடத்திலிருந்து எழுதினார்கள். அவர்களுடைய ஊரிலே எல்லோருக்கும் இவை உண்டு. ஆதலால் மனிதன் என்றாலே இவை உள்ளவன் என்று அவர்கள் கருதிவிட்டார்கள். அவர்களிடம் தீய எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் நல்ல எண்ணத்தோடு கட்டிய கதவும் சிலருக்குச் சிறிதாகத்தான் இருக்கும்.

மலையகத்து மக்களுக்குப் படிவம் என்பது புதிதல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனார் இந்த நாட்டில் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதிவுசெய்யாத தலைமுறையிடம் அச்சான்று எங்கிருந்து வரும்? மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம், விவாகமானவர் 7 ஆண்டுகளும் ஆகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கவேண்டும் என்றது. விண்ணப்பித்தோரில் ஒரு சிறு பகுதியினரே தேறினார்கள். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கு என ஒதுக்கி வைத்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நாடற்றோர் என்ற சொல் இம்மலைகளிலே உயிரோடு இருந்தது. ஒரு புத்தகக் கடையின் படிவத்தை அந்தப் பெருங்கொடுமையோடு ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. ஆனால் தன்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்கும் படிவத்தின் முன் நிற்கும் மனிதர், தம்மிடமே ஏதோ குறை என்று எண்ணிப் பின்வாங்கும் பழக்கம் அங்கிருந்து தொடர்ந்து வந்ததென்றே நினைக்கிறேன்.

தோட்டத்திலே "பேர்" என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. செக்ரோலிலே ஒரு நாள் உழைப்பு பதியப்படுவது பேர். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். பெயரையே பாதியாக வெட்டத் தெரிந்த கணக்கு அது. இரண்டு பெயர் கேட்கும் கட்டத்தைப் பார்த்து, "எங்கட ஆக்களுக்கு ஒரு பேர முழுசாப் போடுறதே பெரும்பாடு, இதுல ரெண்டு பேரா?" என்று சிரித்தாள் ஒரு மாணவி. என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்தவள். கலஹாப் பக்கத்துத் தோட்டத்திலே பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். வாடகைக் கடையை விட்டுவிட்டு, மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளில் எங்களுக்கென்று ஒரு கடையைக் கட்டலாம் என்று சொன்னவள் அவள்தான். அந்த வேலையிலே அவள் ஆசிரியை; நானும் என் சகாக்களும் மாணாக்கர்.

அவள் தெரிந்தெடுத்தது வேர்ட்பிரஸ் என்னும் தளமும், அதன்மேல் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்னும் செருகுநிரலும். செருகுநிரல் என்பதைப் பலர் பிளகின் என்றே சொல்கிறார்கள். அடிப்படைத் தளத்தை ஒரு வீட்டுக்கு ஒப்பிட்டால், வேண்டியபோது கொண்டுவந்து பொருத்தி வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய அலுமாரி, விளக்கு, தராசு போன்றவை செருகுநிரல்கள். வூகாமர்ஸே ஒரு செருகுநிரல்தான். அதற்கு மேலும் செருகுநிரல்கள் உண்டு. நிறைக்கு ஏற்பத் தபாற்செலவைக் கணிப்பது ஒன்று, இலங்கை வங்கி அட்டைகளிலிருந்து பணம் பெறுவது ஒன்று, பற்றுச்சீட்டு அச்சிடுவது ஒன்று.

இவற்றைப் பொருத்தும் முறை கடினமானதன்று. பொதுக் களஞ்சியத்தில் உள்ளதாயின் நிர்வாகப் பக்கத்திலேயே தேடி நிறுவிவிடலாம். வேறிடத்திலிருந்து பெற்றதாயின், ஒரே பொதியாகச் சுருக்கப்பட்ட சிப் கோப்பை "பதிவேற்று" என்னும் பொத்தான் மூலம் ஏற்றி, பின்னர் இயக்கவேண்டும். கோப்பு பெரிதாயின் சேர்வர் ஏற்க மறுக்கும். சேர்வரின் பி.எச்.பி. அமைப்பிலே, எவரும் மாற்றாதவரை, ஒரு கோப்புக்கு 2 மெகாபைட் என்பதே எல்லை. அமைப்புக் கோப்பில் அந்த எண்ணைக் கூட்டலாம். அல்லது பொதியை விரித்து, செருகுநிரல்களுக்கான கோப்புறைக்குள் நேரே இட்டுவிடலாம். ஒரு செருகுநிரல் கடை முழுவதையும் முடக்கிவிட்டால், அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினாற் போதும். அது செயலிழந்து கடை மீண்டுவிடும். 2019 இல் வந்த 5.2 ஆம் பதிப்பு முதல், இத்தகைய விபத்து நேர்ந்தால் தளமே நிர்வாகிக்கு ஒரு மீட்பு இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறது. இதைக் கேட்டபின்தான் எங்களிற் சிலருக்குப் பயம் தெளிந்தது. ஐம்பது வயதில் ஒரு பொத்தானை அழுத்துவதற்குத் தேவையான துணிச்சலைப் பற்றி இளைஞர்களுக்குத் தெரியாது.

ஏற்றுவது எளிது, நமக்கு ஏற்ப மாற்றுவதில்தான் கல்வி இருக்கிறது. படிவத்தின் கட்டங்களை எழுதிய மூலக்கோப்பு கண்முன்னே திறந்து கிடந்தது. அதிலே "கட்டாயம்" என்ற சொல்லுக்கு எதிரே "ஆம்" என்பதை "இல்லை" என்று மாற்றினாற் போதாதா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். "அதத் தொடாதீங்க சேர்" என்று அவள் தடுத்தாள். "அடுத்த பதிப்பு வந்தா நாம எழுதின எல்லாத்தையும் அழிச்சிரும். கொக்கி இருக்கு. அதுல மாட்டுவோம்."

கொக்கி என்று அவள் சொன்னதைச் சற்று விளக்கவேண்டும். இம்மென்பொருளை எழுதியவர்கள், இது ஓடும் வழியிலே பல இடங்களில் நின்று, "இங்கே வேறு எவருக்கேனும் ஏதாவது செய்ய உண்டா?" என்று கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். அவ்விடங்களே கொக்கிகள். அவற்றில் ஒருவகை, செய்தியை நம் கையில் தந்து, நாம் மாற்றியபின் திரும்ப வாங்கிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் அதற்குச் சல்லடை என்று பொருள்படும் பெயர். தேயிலைத் தொழிற்சாலையிலே சல்லடை பார்த்த எங்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துவிட்டது. படிவத்தின் கட்டங்கள் எல்லாம் திரைக்கு வருமுன் ஒரு சல்லடையைக் கடக்கின்றன. நாம் நமக்கென்று ஒரு சிறு கோப்பு எழுதி, அதன் தலையிலே குறிப்புரையாகச் செருகுநிரலின் பெயரை இட்டு, அந்தச் சல்லடைக்கு ஒரு கட்டளை சொல்லலாம்: குடும்பப் பெயர் கட்டாயமில்லை, மின்னஞ்சல் கட்டாயமில்லை, தொலைபேசி கட்டாயம், வீதி என்ற சொல்லை நீக்கித் "தோட்டம், டிவிசன், லயம்" என்று காட்டு. மூலக்கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. புதுப்பதிப்பு வந்தாலும் நம் கோப்பு தன் கோப்புறையிலே தனியே இருக்கும்.

முப்பது வரிகூட இல்லாத அந்தக் கோப்பைச் சுருக்கி ஏற்றி இயக்கியபோது, திரையிலே "பெயர்" என்ற ஒரே கட்டம் தோன்றியது. அவள் தன் தாயாரின் ஒற்றைப் பெயரை அதில் இட்டுப் பார்த்தாள். படிவம் ஒன்றும் கேளாமல் அடுத்த படிக்குப் போயிற்று.

இந்த முறையிலே ஒரு நுட்பம் உண்டு. இதை முயல விரும்பும் ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டும். 2023 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிதாக நிறுவப்படும் வூகாமர்ஸ் கடைகளில், படிவம் புதுவகைப் பாளங்களால் ஆனதாக வருகிறது. பழைய சல்லடைக் கொக்கிகள் அதிற் பிடிப்பதில்லை. பழைய படிவத்தையே பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அல்லது புதியதற்கென்றுள்ள முறையைக் கற்கவேண்டும். நாங்கள் பழையதை வைத்துக்கொண்டோம். முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று எவரும் எங்களைச் சொல்லிவிடக்கூடாது. வேலை நடக்கவேண்டும் அல்லவா?

முகவரிதான் எங்களை அதிக நாள் வைத்துக்கொண்டது. பல தோட்டங்களில் லயத்து அறைகளுக்கு இன்றும் தனி இலக்கம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து ஆளாள் கைமாறி வீடு சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கையிற் கிடைத்த கதை இல்லாத தோட்டம் அரிது. இதைவிட விசித்திரம், ஒரே தோட்டத்துக்கு இரண்டு பெயர்கள். வெள்ளைக்காரத் துரை தன் ஊர் நினைவிலோ மனைவி நினைவிலோ இட்ட பெயர் ஒன்று. அங்கே குடியேறிய தமிழ்மக்கள் தம் வாய்க்கேற்ப இட்ட பெயர் ஒன்று. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட 1867 ஆம் ஆண்டுக்கும் முன்னரே, கோப்பிக் காலத்திலேயே, கண்டிச்சீமை இப்படித்தான் இரண்டு பெயரோடு வளர்ந்தது. தபாலகத்துக்குத் தெரிந்தது துரையின் பெயர். வீட்டிலே பேசுவது மக்களின் பெயர். கொழும்பிலிருந்து தங்கைக்குப் புத்தகம் அனுப்பும் இளைஞனுக்குச் சில வேளைகளில் இரண்டாவது பெயர் மட்டுமே நினைவில் இருக்கும்.

ஆகவே படிவத்திலே இரண்டையும் ஏற்கும் ஒரு பட்டியலைச் சேர்த்தோம். 25 மாவட்டங்களின் பெயரைத் தட்டச்சு செய்வது ஒரு மாலை நேர வேலை. தோட்டங்களின் பெயர்களைத் திரட்டியதோ பல மாதங்கள். மாணவர்களிடம் ஒரு தாள் கொடுத்து, "உங்கள் தோட்டத்தைப் பாட்டி எப்படிச் சொல்வார்? தபாலில் எப்படி எழுதுவீர்கள்?" என்று எழுதிவரச் செய்தோம். கணினி வேலை என்று தொடங்கியது மக்களின் வரலாற்றுப் பாடமாகிவிட்டது. சில தோட்டங்களிலே மக்கள் இட்ட பெயரைச் சொல்ல வயோதிபர் ஒருவரோ இருவரோதான் எஞ்சியிருந்தார்கள். இன்று ஒரு விற்பனைப் படிவத்தின் பட்டியலில் அப்பெயர்கள் பதிவாகி இருக்கின்றன. இதைவிடச் சிறந்த இடம் அவற்றுக்குக் கிடைத்திருக்கலாம். இப்போதைக்குக் கிடைத்தது இதுதான்.

விற்பனைக்காரன் என்னும் வேடத்துக்கும் மலையகத்து எழுத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர், வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க இயலாத காலத்தில் புடவை வியாபாரிபோல் உள்ளே சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார் என்பர். 1924 இல் அவர் "தேசபக்தன்" பத்திரிகையைத் தொடங்கினார். அவருக்கும் முன்னர், இந்தக் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெவ்வை 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையையும் 1885 இல் "அசன்பே சரித்திரம்" என்னும் நாவலையும் வெளியிட்டார். தம் மக்களின் செய்தியைத் தம் மொழியில் அச்சேற்றும் கருவி தம் கைக்குள் இருக்கவேண்டும் என்பதை இவர்கள் அறிந்திருந்தார்கள். வாடகைக் கடைக்கும் சொந்தக் கடைக்கும் உள்ள வேற்றுமையை நான் சிந்திக்கும்போதெல்லாம் இவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆனால் சொந்தம் என்ற சொல்லை இங்கே எந்தப் பொருளில் ஆளுகிறேன்? நாங்கள் அந்த மென்பொருளை விலைக்கு வாங்கவில்லை. 1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் படித்தறியவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்கப்போவதாக அறிவித்தார். அந்த உரிமையைச் சட்டமொழியில் எழுதிய பொது உரிமம் 1989 இல் வெளிவந்தது. மாற்றியவர், மாற்றியதைப் பிறர்க்குத் தரும்போது அதே உரிமைகளோடு தரவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வேர்ட்பிரஸின் பிறப்பே இதற்குச் சான்று. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்னும் மென்பொருள் கவனிப்பாரற்று நின்றபோது, 2003 இல் மெட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் அதை எடுத்து வளர்த்தார்கள். எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியிருக்கவில்லை, உரிமம் அனுமதித்தது. 2011 இல் வூகாமர்ஸும் ஜிகோஷொப் என்ற இன்னொன்றிலிருந்து கிளைத்ததே.

நம் நாட்டிலும் இதற்குப் பெருமைக்குரிய முன்மாதிரி உண்டு. 2004 டிசம்பர் 26 ஆந் தேதி கடல்கோள் நேர்ந்த சில வாரங்களுக்குள், இலங்கைத் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்யும் சஹானா என்னும் மென்பொருளை ஆக்கித் திறந்தே வைத்தார்கள். மறு ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது, இங்கே இப்படி நடந்ததா என்று கேட்காத மாணவர் இல்லை. கிரிக்கெட் வெற்றிகளை நினைவில் வைத்திருக்கும் நாடு இதை மறந்துவிட்டது.

ஆயினும் இந்தப் பொதுச்சொத்து முழுவதும் பொதுமக்கள் கையில் இருக்கிறது என்று நினைத்து மகிழ்ந்துவிடலாகாது. ஊதியமின்றி ஆயிரக்கணக்கானோர் செய்த உழைப்பின்மேல் பெரும் நிறுவனங்கள் எழுந்து நிற்கின்றன. வூகாமர்ஸை 2015 இல் முல்லன்வெக்கின் ஓட்டோமெட்டிக் நிறுவனம் வாங்கியது. 2024 இல் அவருக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்னும் நிறுவனத்துக்கும் மூண்ட பூசலில், அந்நிறுவனம் பராமரித்த புகழ்பெற்ற செருகுநிரல் ஒன்றின் இடம் ஒக்டோபரில் பொதுக் களஞ்சியத்திலேயே வேறு பெயருக்கு மாற்றப்பட்டது. டிசம்பரில் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்குமாறு இடைக்காலக் கட்டளை இட்டது. யார் பக்கம் நியாயம் என்பது அவர்கள் வழக்கு. நமக்குத் தெரியவேண்டியது, நிரல் பொதுவாயிருந்தாலும் அதை விநியோகிக்கும் களஞ்சியத்தின் திறவுகோல் பொதுவாயில்லை என்பதே. கூட்டுறவுச் சங்கத்திலே சரக்கு அனைவர்க்கும் உரியது. சாவி மட்டும் ஒருவர் மடியில் என்றால் அதன் பொருளை நாம் அறிவோம். எங்கள் செருகுநிரல்களின் பிரதிகளை நாங்களே தனியே சேமித்து வைக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

பணத்தின் பக்கத்தையும் சொல்லவேண்டும். பல செருகுநிரல்களின் அடிப்படைப் பகுதி இலவசம். உண்மையில் வேண்டிய பகுதிக்கு ஆண்டுதோறும் டொலரில் சந்தா. 2022 மார்ச்சில் ரூபா சரிந்தபோது, 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஐ எட்டியது. 50 டொலர் சந்தா என்றால் 10,000 ரூபா 18,000 ஆயிற்று. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் அந்த வேறுபாட்டைப் புத்தக விலையில் ஏற்ற எவருக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான், வாங்கவேண்டிய மூன்றில் இரண்டை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று அந்த மாணவி கணக்கிட்டுக் காட்டினாள். விலையுள்ள செருகுநிரல்களைத் திருட்டுத்தனமாக இலவசமாய்த் தரும் இடங்களும் உண்டு. அவற்றை நாடவே கூடாது. அத்தகைய பொதிக்குள் வாடிக்கையாளரின் அட்டை விவரத்தைக் களவாடும் நிரல் ஒளித்துவைக்கப்படுவது வழக்கம். ஏழைகளின் பணத்தோடு விளையாடும் உரிமை எந்தச் சிக்கனத்துக்கும் இல்லை.

வங்கி அட்டைகளை ஏற்கும் செருகுநிரலையும் பொருத்தினோம். பணக்கதவு நிறுவனம் தரும் வணிகர் எண்ணையும் இரகசியச் சாவியையும் அதில் இட்டு, உண்மைப் பணம் கைமாறாத சோதனை முறையில் முதலில் ஓட்டிப் பார்க்கவேண்டும். பணம் வந்துவிட்டது என்ற செய்தியை அந்நிறுவனத்தின் சேர்வர் நம் கடையின் சேர்வருக்கு நேரே சொல்கிறது. ஆதலால் வீட்டுக் கணினியில் வைத்துச் சோதித்தால் அந்தச் செய்தி வந்து சேராது. இணையத்தில் ஒரு சோதனைப் பிரதி தேவை. எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் தோட்டத்து வாடிக்கையாளரிற் பெரும்பாலோர் அட்டையைத் தேடவில்லை. பொதி கைக்கு வந்தபின் காசு கொடுப்பதையே விரும்பினார்கள். ஆண்டாண்டாகச் சம்பளத்தில் காரணம் சொல்லாமல் பிடித்துக் கொண்டவர்களிடம் வேலைசெய்த மக்கள், முன்பணம் கேட்பவரை நம்பாததில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்பிலும் ஒரு போராட்டம். இம்மென்பொருளின் சொற்கள் எல்லாம் ஒரு தனிக்கோப்பில் ஆங்கிலம் ஒருபுறம், தமிழ் மறுபுறம் என்று நிற்கும், எவரும் நிரப்பலாம். இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என இரண்டு பிரிவுகள்கூட உண்டு. தள்ளுவண்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு எங்களுள் ஒருவர் வண்டி என்றார். "எங்க தோட்டத்துல வண்டின்னா கொழுந்து லொறி சேர்" என்று மாணவி மறுத்தாள். கூடை என்று முடிவாயிற்று. முதுகிலே கட்டிய கூடையின் நிறையைக் கணக்கப்பிள்ளை சொல்லக் கேட்டு வந்த பெண், இந்தக் கூடையில் தான் இட்டதன் நிறையையும் விலையையும் தானே கூட்டிப் பார்க்கிறாள்.

புத்தகத்தின் தமிழ்ப் பெயரை இணைய முகவரியில் இட்டால் பாதியில் வெட்டுப்படுகிறது. முகவரிக்கு அத்தளம் ஒதுக்கிய இடம் 200. ஆங்கில எழுத்து ஓரிடத்தில் அடங்கும். தமிழின் ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு உயிர்க்குறியும் 9 இடங்களை விழுங்கும். எனவே 22 குறிகளுக்கு மேல் தலைப்பு போகாது. நாங்கள் தலைப்புக்குப் பதில் நூலின் வரிசை எண்ணை முகவரியாக்கும் சிறு கோப்பொன்றை எழுதினோம். இதை எழுதியவர் அந்த மாணவி அல்லர்; வகுப்புக்கு வந்த கணித ஆசிரியை ஒருவர். அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

இப்போது எங்களைத் துன்புறுத்துவது பொதியின்மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு. அதை அச்சிடும் செருகுநிரலுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்தெழுதத் தெரியவில்லை. தெல்தோட்டை என்பதில் எழுத்துக்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பைப் பின்னே தள்ளிவிடுகிறது. அதனுள் இருக்கும் ஆவணமாக்கும் இயந்திரத்தை நீக்கி, இந்திய மொழிகளின் இயல்பறிந்த வேறொன்றை மாட்டவேண்டும். அதுவரை சீட்டைத் திரையிலிருந்தே அச்சிட்டு, தபாற்காரருக்காகச் சிங்களத்திலும் ஒருமுறை கையால் எழுதி ஒட்டுகிறோம். தோட்டக் காரியாலயத்தில் பொதி தங்கிவிடாதிருக்க, படிவத்திலே இன்னொரு கட்டமும் சேர்ந்திருக்கிறது: "உங்கள் பொதியை யாரிடம் ஒப்படைக்கலாம்?" அதன்கீழ் பாடசாலைகள், வாசிகசாலைகள், வழியிலுள்ள பெட்டிக்கடைகள் சிலவற்றின் பெயர்கள். சென்ற மாதம் தெல்தோட்டைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, தம் கடையையும் அதிற் சேர்க்கச் சொன்னார். ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்குமாம்; பௌர்ணமி நாளில் மட்டும் மதியத்துக்கு மேல்தான்.